மாடிக்காற்று

கொலம்பியாவின் செகோவியாவில் அந்த ஒரு தெருவிலேயே நாலு தங்கக் கடை. சுரங்கத்து ஆட்கள் பாதரசத்தோடு உருட்டிக் கொண்டுவரும் கட்டியைத் தீயில் காட்டினால் தங்கம் நிற்கும், பாதரசம் ஆவியாகப் போய்விடும். எங்கே போகும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நோரெலி கேட்டாள். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் கேட்காமல் என்ன செய்வாள்?

மூன்றாவது தங்கியதும் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துவிட்டாள். புருஷன் அர்னுல்ஃபோ வீட்டு அடுப்பில் அந்தக் கட்டிகளை எரிப்பதை நிறுத்தினாள். அவன் வேலை பார்க்கும் எதிர்க் கடையில் ஆவி வாசல் வழியே தெருவுக்கு வருகிறது என்று முதலாளியின் உயிரை வாங்கி, கூரைக்கு மேலே நீளமாகக் குழாய் வைக்கச் செய்தாள்.

"உன் பொண்டாட்டி போற போக்கைப் பாத்தா மேகத்துக்கே குழாய் விடச் சொல்லுவா போலிருக்கேடா," என்று முதலாளி அர்னுல்ஃபோவைக் கிண்டலடித்தான்.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள் அவள். அன்றிலிருந்து மத்தியானமானால் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆழ ஆழ மூச்சு இழுப்பாள். "குடிடி என் கண்ணு, நல்ல காத்து," என்று வயிற்றைத் தடவிக்கொடுப்பாள். மாதம் ஏழு ஆகிவிட்டது. முந்தின இரண்டும் இவ்வளவு நாள் தங்கவில்லை.

காற்றில் பாதரசம் எவ்வளவு என்று அளக்க மெடலின் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தெருவில் அளக்கும் பெட்டியை நீட்டி, எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் நின்ற நோரெலிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கீழ அப்படித்தான் இருக்கும் தங்கச்சி. எங்க மாடிக்கு வா. அங்க வச்சுப் பாரு."

மேலே நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டியைப் பிடித்தாள் அந்தப் பெண். எண் ஏறியது, தெருவில் காட்டியதைத் தாண்டியும் ஏறியது. அவள் பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். அப்புறம் எதிரே பார்த்தாள். கடையின் குழாய் வாய் நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு தெரு அகலத் தூரத்தில் இருந்தது.

"அக்கா, தினமும் இங்கதான் உக்காருவீங்களா?"

நோரெலியும் அந்தக் குழாயைப் பார்த்தாள். சத்தம் கேட்டு ஏறி வந்த அர்னுல்ஃபோ பெட்டியையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீதானே உசரமா வைக்கச் சொன்ன," என்றான். சொன்ன பிறகு அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் உள்ளயே இருந்துக்கறேன்," என்றாள் நோரெலி. "ஜன்னலைச் சாத்திக்கறேன். அங்க வச்சுப் பாரும்மா."

அறைக்குள் எண் கொஞ்சம் இறங்கியது. தெருவில் இருந்த அளவுக்கு வந்து நின்றுவிட்டது.

"இங்க முன்னாடி எரிச்சிருக்கீங்களா? சுவரெல்லாம் பாதரசத்தைக் குடிச்சு வச்சிருக்கு அக்கா. வேற எங்கயாவது, சொந்தக்காரங்க வீட்டுக்கு..."

"எல்லாரும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க."

வயிற்றில் பிள்ளை உதைத்தது. நோரெலி அங்கே கையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். அர்னுல்ஃபோ பார்த்துக்கொண்டே நின்றான். பிடிக்க முடிந்தவரை பிடித்திருந்துவிட்டு, அழுதுகொண்டே மூச்சை உள்ளே இழுத்தாள்.