தவளைப் படமும் என் கடைவாய்ப் பல்லும்

அந்தப் பல் மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை ஓடி வந்தவன் நான். முதல் முறை, வண்டியைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லி நழுவினேன். இரண்டாம் முறை பொய் சொல்லக்கூட நேரமில்லை. அதனால் இந்த முறை என் மனைவி வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான்கு நாளாக எதையும் மெல்ல முடியவில்லை. ஆனாலும் குறடு வாய்க்குள் வருவதை நினைத்தால் பல்வலியே தேவலை என்று தோன்றியது. நான் லிஃப்ட் பரிசோதகன். பதினெட்டாவது மாடியில் தொங்கிக்கொண்டு கம்பியைத் தட்டிப் பார்ப்பேன். அது வேறு, இது வேறு.

காத்திருக்கும் அறையின் டிவியில் ஒரு கார்ட்டூன் படம். பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. குளம் வற்றிப்போன ஒரு தவளைக் குடும்பம் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறது. போகிற வழியெல்லாம் பாட்டு. சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தேன். காரணம் கடைக்குட்டித் தவளை. குடும்பமே தொண்டை கிழியப் பாடுகிறது, அது மட்டும் வாயே திறக்கவில்லை. அப்பா தவளை கெஞ்சுகிறது, அத்தை தவளை அதட்டுகிறது. ம்ஹூம். எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசியில் ஒரு இருட்டுக் குழாய்க்குள் குடும்பம் திசைக்கு ஒன்றாகச் சிதறியது. குட்டி தனியாக ஒரு கல்லின்மேல் ஏறியது. வாயைத் திறக்கப் போகிறது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

"படம் முடியட்டும்மா" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் மனைவி.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். திட்டத்தான் வந்தார். அதற்குள் குட்டி பாடத் தொடங்கிவிட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பாட்டை மூணு வருஷமா கதவு வழியாத்தான் கேக்கறேன். அம்மா தவளை பாடுதுன்னு நெனச்சிருந்தேன். இந்தப் பொடிசா?"

நகர்ந்து இடம் கொடுத்தேன். குட்டியின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தவளையாக வந்து சேர்ந்தது. டாக்டரம்மா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். மனைவி கேட்டிருந்தால் பல்வலி என்றிருப்பேன்.

இதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஓடுவது? நானே போய்ப் படுத்தேன். ஊசி போட்டுத் தாடை மரத்ததும், அவர் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். மூன்று வருடம் கேட்டவர் பாடுகிற லட்சணமா அது? குட்டி மேலே போகிற இடத்தில் இவர் கீழே இறங்குகிறார். மறுபடியும் கீழே. தப்பைக் கண்டால் சும்மா இருக்க எனக்கு வராது, தொழில் அப்படி. வாய் நிறைய இரும்பும் பஞ்சும். கையைத் தூக்கித் தூக்கி மேலே காட்டினேன். அவர் கண்டுகொண்டால்தானே? எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஒருவழியாக என் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"டாக்டர், அந்த எடம் மேல போகணும்" என்றேன் மரத்த நாக்கோடு. "மொதல்ல பல்லை எடுங்க, பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் பக்கத்துத் தட்டைக் காட்டினார். என் பல் அதில் கிடந்தது.

"அது வெளிய வந்து ரெண்டு நிமிஷமாச்சு" என்றார். "நீங்க கையாலயே தாளம் போட்டுட்டிருந்தீங்களா, பாதியில நிறுத்த மனசு வரல."