முன் இருக்கை

குவாந்தானிலிருந்து திரும்பும் வழியெல்லாம் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தது ஒரு கெரோப்போக் அப்பள மூட்டைதான். அந்த இடத்தில் தன் சின்ன மகள் திவ்யதர்ஷினியை உட்கார வைக்க ரத்தினம்மா படாத பாடு பட்டார்.

"முன்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்மா."

"ஊர்ல இல்லாத வாந்தி! அக்கா உக்காந்து வரலையா?"

அக்கா ரோஷினி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அக்காவின் கணவன் ஜெய், காதில் எதுவும் விழாதவன்போல வேனை ஓட்டினான். படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வேனை மாமனார் சேதுபதி ஒரு ஜொகூர் நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தார். "குடும்பமா மலேசியாவச் சுத்திட்டு வரலாம் மாப்ள, மனசு லேசாகும்" என்று கூப்பிட்டார். மனைவியின் தங்கையோடு ஒரே கூரையின் கீழ் தன்னைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது ஜெய்க்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. புரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. சமீப காலமாக அவனுக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

மெர்சிங் கடற்கரையில் வேனை நிறுத்தியபோது ரத்தினம்மா பேத்திக்குப் பாடம் நடத்தினார். யாழினிக்கு மூன்று வயது. பாட்டி கையில் மைலோ பாக்கெட் இருந்தது.

"சித்தி இல்லடா செல்லம். அம்மா. அம்மான்னு சொன்னாத்தான் மைலோ."

குழந்தை மைலோவைப் பார்த்து "அம்மா" என்றது. சேதுபதி கைதட்டினார்.

திவ்யா பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வெளிக்குழாய்க்குப் போனாள். ஜெய் தண்ணீர் பிடிக்கப் போனான்.

"அத்தான், நீங்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள், தலையைத் தூக்காமலே. "நான் சொன்னா, அக்கா பிள்ளையத் தெருவுல விட்டவன்னு சாகுற வரைக்கும் பேசுவாங்க. நீங்க சொன்னா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவாங்க. மெல்பர்ன்ல எனக்கு job confirm ஆயிடுச்சு. அடுத்த மாசம் போறேன்."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஐசியூதான் ஞாபகம் வருது."

"எனக்கும் அப்படித்தான்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "Promise-ஆ?"

"சொல்லிடுறேன்."

மறுநாள் விடிகாலையில் யாழினி அழுதாள். தினமும் அந்நேரம் அழுவாள். சிங்கப்பூரில், பிடோக் வீட்டில் அவன்தான் எழுந்து, தோளில் போட்டுக்கொண்டு, வெளுக்கும்வரை நடப்பான். வேனில் திவ்யா எழுந்தாள். கம்மிய குரலில் எதையோ பாடிக்கொண்டு பிள்ளையை மணலில் நடக்க வைத்தாள். ஜெய் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். போர்வை கதகதப்பாக இருந்தது. எட்டு மாதத்தில் அவன் நன்றாகத் தூங்கியது இந்த வேனில்தான்.

அன்று பிற்பகல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ரத்தினம்மா, "வண்டிய நேரா சிராங்கூன் ரோட்டுக்கு விடுங்க மாப்ள. ஒரு சின்ன வேலை" என்றார்.

சின்ன வேலை ஒரு நகைக்கடையில் இருந்தது. ரத்தினம்மா கைப்பைக்குள்ளிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே ரோஷினியின் தாலி. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் முன் கழற்றியது. அது பயணம் முழுக்கத் தங்களோடு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் ஜெய்க்குத் தெரிந்தது.

"சுமங்கலியா போனவளோட தாலி. இத உருக்கியே தங்கச்சிக்குச் செஞ்சிட்டா அவ ஆசீர்வாதமும் சேந்துடும்" என்றார் கடைக்காரரிடம்.

"கூலி கொஞ்சம் பாத்துப் போடுங்க லா" என்றார் சேதுபதி.

கடைக்காரர் தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஜெய்யைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும் சார். உருக்கினா உருக்கினதுதான். அப்புறம் கேட்டா கிடைக்காது."

திவ்யாவும் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை; அவன் வாக்குக் கொடுத்தவன் என்ற நிம்மதிதான் இருந்தது. வேண்டாம் என்ற சொல் அவன் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுவார். அது முடிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிடோக்குக்குப் போக வேண்டும். நாளை விடிகாலையில் அவன்தான் எழ வேண்டும். அதற்கு மறுநாளும்.

"உருக்கிடுங்க" என்றான்.

ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேதுபதி அவன் முதுகில் தட்டினார். திவ்யா கண்ணாடிப் பெட்டிமேல் ஊன்றியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அவளுடைய ஐந்து விரல்களின் தடமும் கண்ணாடியில் இருந்தது. கடைக்காரர் துணியால் துடைத்தார்.

வேனுக்குத் திரும்பியதும் யாரும் சொல்லாமலே கெரோப்போக் மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, திவ்யா முன் இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். பின்னாலிருந்து யாழினி, "அம்மா, மைலோ" என்றாள்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று பூரித்துப்போனார் ரத்தினம்மா.

ஜெய் சாவியைத் திருப்பினான். திவ்யா அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"காலைல பிள்ள அழுதப்ப நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க. எனக்குத் தெரியும்."

அவன் சிக்னலைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தான்.