அட்டையில் இல்லாத வலி

கிறிஸ்பின் ஹாதர்சேஜுக்கு உலகத்திலேயே பிடித்த குரல் அவருடையதுதான். லண்டனுக்குத் தெற்கே ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியில், எலும்பையும் தசையையும் கையால் நீவிச் சரிசெய்யப் படிக்கிறவர்களுக்கு, எந்த வலியில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. முதுகுவலி என்று வருகிறவருக்குச் சிறுநீரகக் கல் இருக்கலாம். தோள்வலிக்குக் காரணம் பித்தப்பையாக இருக்கலாம். ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரித்தறியத் தெரியாதவர் ஆளையே கொன்றுவிடுவார். நல்ல பாடம்தான், செல்லங்களே. பதினேழு வருடமாக அதே படங்களைக் காட்டி அதைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்தான் சரியில்லை.

தேர்வுக்கு நிஜ நோயாளி கிடையாது. ஊரில் யாராவது பெரியவர் வந்து, கையில் கொடுத்த அட்டையைப் படித்து நோயாளியாக நடிப்பார். அட்டையில் இல்லாததைக் கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் விதி.

ஹெட்டி பார்லோவுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது வருடம் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். இந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். ஹாதர்சேஜ் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்து, வகுப்பிலேயே சிரித்துக்கொள்வார்.

அன்று நோயாளியாக வந்தவர் டெஸ்மண்ட் டாப்லி, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பொரித்ததைத் தின்றால் வலது தோளில் வலி வரும் என்பது அவர் அட்டை; பித்தப்பை என்பது விடை. அவர் கையைத் தேய்த்துக்கொண்டு முனகுவதைப் பார்த்து, பிரமாதமான நடிப்பு என்று ஹாதர்சேஜ் காலையிலேயே மெச்சியிருந்தார். முன்னால் வந்த ஐந்து பேரும் பொரித்த மீனைப் பற்றிக் கேட்டு, பித்தப்பை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஹெட்டிக்கும் இரண்டே நிமிடத்தில் விடை கைக்கு வந்துவிட்டது. ஆனால் இருபது வருடம் கண்ணாடியில் முகங்களைப் பார்த்தவள் அவள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்கு விடாத பழக்கம். டெஸ்மண்டின் வலது இமை கொஞ்சம் தொங்கியிருந்தது. அந்தக் கண்ணின் மணி மற்றதைவிடச் சிறியது. அவர் தேய்த்ததும் தோளை மட்டுமல்ல, கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரல் வரை. பித்தப்பை வலி சுண்டுவிரலுக்கு வராது.

விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். இருமல் உண்டா என்றாள். இருமிவிட்டு, இல்லை என்றார்.

ஹெட்டி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"டெஸ்மண்ட், அந்த அட்டையக் கவுத்து வைங்க. இப்ப உங்களத்தான் கேக்குறேன். கை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

ஹாதர்சேஜ் மதிப்பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இது தேர்வு, ஹெட்டி. அரட்டை அடிக்க இது உங்க பழைய கடை இல்ல."

"கிறிஸ்மஸ்லேருந்து, கண்ணு," என்றார் டெஸ்மண்ட். "ரெண்டு விரல் மரத்தே போச்சு. கேட்டா இல்லன்னு சொல்லணும்னாங்களே, அதான்."

ஹாதர்சேஜ் எழுந்து வந்தார். டெஸ்மண்டின் கழுத்தடியில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் விலா எலும்பு இறுகியிருக்கிறது, பஸ் ஓட்டின தோள், அவ்வளவுதான் என்றார். கையால் நீவிப் பிழைக்கிற இவர்களுக்கென்றே உள்ள வியாதி இது. விரலுக்கு ஏதாவது இறுக்கம் தட்டுப்பட்டால் போதும், கண்ணும் காதும் அடைத்துக்கொள்ளும். எழுபது வயதுக்காரர் உடம்பில் எங்கே தொட்டால் இறுக்கம் இருக்காது?

மிச்சமிருந்த நேரத்தில் ஹெட்டி டெஸ்மண்டின் குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இமை, கண்மணி, கை, இருமல். நுரையீரலின் உச்சியை உடனே படம் எடுத்துப் பாருங்கள் என்று முடித்து, டெஸ்மண்ட் கையில் கொடுத்தாள். விடைத்தாளில் அதற்கு இடம் இல்லை. பித்தப்பை என்ற சொல்லை அவள் எழுதவே இல்லை. ஹாதர்சேஜ் பூஜ்யம் போட்டார்.

பதினோராம் நாள் டெஸ்மண்ட் மருத்துவமனைக் கடிதத்தோடு வந்தார். வலது நுரையீரலின் உச்சியில் கட்டி. பயப்படாதீர்கள், இன்னும் கை மீறிப் போகவில்லை என்று சொல்லி டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். அவர் ஹெட்டியைத் தேடி வந்தார். எதிர்ப்பட்டது கல்லூரி முதல்வரும் ஹாதர்சேஜும். கடிதத்தை வாங்கிப் படித்த ஹாதர்சேஜ், எங்களுக்கு அன்றைக்கே சந்தேகம்தான் என்று முதல்வரிடம் சொன்னார். கூசவே இல்லை.

மறுநாள் ஹாதர்சேஜ் ஹெட்டியைத் தன் அறைக்கு அழைத்தார். மதிப்பெண் பட்டியல் இன்னும் அலுவலகத்துக்குப் போகவில்லை. மேஜையில் அவளுடைய விடைத்தாள் இருந்தது.

"பித்தப்பைன்னு ஒரு வரி சேத்துடுங்க, பாஸ் போட்டுடறேன். அந்தக் கடிதம் நான் சொல்லி நீங்க எழுதினதா இருக்கட்டும். அடுத்த மாசம் மாநாட்டுல இதப் பத்திப் பேசப் போறேன்."

அவள் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, செல்லங்களே. இனி ஒரு தேர்வு அவளுக்குக் கிடையாது. பழைய கடைக்குத் திரும்பிப் போகவும் மனமில்லை. அவருடைய பேனாவையே எடுத்து, பித்தப்பை என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டாள். கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணுன்னு யாராவது கேட்டா வலதுன்னு சொல்லுங்க, கிறிஸ்பின். நீங்கதான் பாக்கலையே."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.