இடது கால் மடிப்பு

அக்ஷராவின் புதுப் பேண்ட்டில் இடது காலை இன்னும் ஒரு விரல் குறைக்க வேண்டியிருந்தது. பூங்குழலி அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொண்டாள். அப்போது அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் யாரும் இருக்க மாட்டார்கள். மடிப்பைப் பிரித்து, துணியை வெட்டி, ஃபிளாட்லாக் தையல் மெஷினில் ஒரே ஓட்டாக ஓட்டி எடுத்தாள். எங்கே பிரித்தது, எங்கே தைத்தது என்று பார்த்தால் தெரியாது.

"இது எந்த ஃபாரின் பையரோட பீஸு?" டீ டம்ளருடன் வந்து நின்றார் சூப்பர்வைசர் லிங்கசாமி.

"எம்பட பையருங்க. ஏழு வயசு."

"அட, அந்தப் பையர் ரொம்பக் கறாராச்சே. அளவு தப்புனா கத்தி ஊரையே கூட்டிப்போடுமே."

பூங்குழலி சிரித்தாள். பேண்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். காலோடு கால் சேர்த்து மடிக்கவில்லை. இரண்டு கால்களும் தனித்தனியாக உள்ளே போகும்படி சுருட்டினாள்.

அக்ஷரா அவளுடைய ஒரே மகள். பிறந்தபோது அழ நேரமானது. மூளை முடக்குவாதம் என்று பிறகு சொன்னார்கள். நடை வரவில்லை. கால்கள் விறைத்து, கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேச்சும் சில சொற்கள்தான். ஆனால் சாமளாபுரத்தில் அவர்கள் குடியிருந்த சந்தில் அவளைப்போல் உடுத்திய குழந்தை வேறு இல்லை. கம்பெனியில் மிஞ்சிய துணியில் பூங்குழலி அவளுக்குத் தைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு மருதாள், "வந்துட்டாளா எங்க எக்ஸ்போர்ட் புள்ள" என்றுதான் கூப்பிடுவாள். அக்ஷரா அதற்கு வாய் நிறையச் சிரிப்பாள்.

போன தை மாதம் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். மடியில் இருந்த அக்ஷராவைப் பார்த்து யாரோ ஒரு அம்மா சொன்னாள்: "பாப்பாவுக்குக் கால் ஒண்ணு நெட்டையாவும் ஒண்ணு குட்டையாவும் இருக்குதே." பூங்குழலி குனிந்து பார்த்தாள். வலது காலில் மடிப்பு கணுக்காலுக்கு மேலே நின்றது. இடது காலில் அது பாதத்தை மூடிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் அதைச் சரி செய்தாள். அரை இஞ்சுதான். அவள் வேலையில் அரை இஞ்சு வித்தியாசம் இருந்தால் பீஸை ரிஜெக்ட் செய்வதில்லை, டாலரன்ஸ் என்று பாஸ் பண்ணுவார்கள். பிறகு அடுத்த பேண்ட்டில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். வருடத்துக்கு ஒரு தடவை இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று குழந்தைக்கு மூன்று வயதானபோது ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது நினைவில் இருந்தது. ஆர்டர் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போனது. வலி என்று குழந்தை சொன்னதில்லை. சொல்ல அவளுக்கு அந்தச் சொல்லும் தெரியாது.

கம்பெனியில் பேண்ட்டைக் குறைத்ததற்கு மறுநாள் காலை, அக்ஷரா போகும் சிறப்புப் பயிற்சி மையத்தில் அளவெடுக்கிறார்கள். குழந்தையின் உடம்புக்குத் தக்கபடி சக்கர நாற்காலி செய்து தருவதாகப் போன் வந்திருந்தது. புதுப் பேண்ட் அதற்காகத்தான்.

மையத்தின் பிசியோதெரபிஸ்ட் விஜயகுமாரி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குமுன் பல மாதங்கள் அங்கே பிசியோ யாரும் இல்லை. அவள் அக்ஷராவை முதுகுச் சாய்ப்பு வைத்து உட்காரவைத்து, இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்கால்வரை டேப் பிடித்தாள். வலது பக்கம் குறித்தாள். இடது பக்கம் பிடித்து, டேப்பை எடுத்து, மறுபடியும் பிடித்தாள்.

"பாப்பா சாஞ்சு உக்காந்துருக்குறாளுங்களா?"

"டேப்பைத் தொங்கவுட்டுப் புடிக்கறீங்க மேடம். அப்புடிப் புடிச்சா அளவு மாறுமுங்க" என்றாள் பூங்குழலி.

விஜயகுமாரி சிரித்தாள். "சரிங்க, நீங்களே புடிங்க."

பூங்குழலி டேப்பை வாங்கினாள். பிடித்தாள். அதே அளவுதான் வந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

அக்ஷராவைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு பாதங்களையும் சேர்த்து ஊன்றவைத்தாள் விஜயகுமாரி. இடது முழங்கால் வலதைவிடத் தாழ்ந்து நின்றது. பிறகு தொடைகளை மெதுவாக விலக்கினாள். வலது கொஞ்சம் விலகியது. இடது விலகவில்லை. அக்ஷரா வீறிட்டாள்.

"துணி மாத்தறப்பவும் இப்புடித்தான் அழுவாளுங்களா?"

"கொஞ்ச நாளாத்தானுங்க."

விஜயகுமாரி பேண்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு, குழந்தையின் துணி தரையில் கிடக்கக்கூடாது என்று எடுத்து, எல்லோரும் மடிப்பதுபோல் காலோடு கால் சேர்த்து மடித்தாள். நீளம் சேரவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"இது யாருங்க தெச்சது?"

"நாந்தானுங்க."

"எப்ப இருந்து இப்புடித் தெக்கறீங்க?"

"போன தையிலிருந்துங்க."

விஜயகுமாரி திட்டவில்லை. பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நாற்காலி அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல எக்ஸ்ரே எடுக்கோணும். இந்த வாரமே" என்றாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பிரதீப்பும் வந்தான். பூங்குழலியின் கணவன். சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"இது கிண்ணம். இது பந்து. வலது பக்கம் பந்து கிண்ணத்துக்குள்ள இருக்கு. இடது பக்கம் பாதிக்கு மேல வெளிய வந்திருச்சு. இந்தக் குழந்தைகளுக்கு தசை தொடையை உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமா நகரும். வலி கடைசியிலதான் தெரியும். அதுக்குத்தான் வருசா வருசம் படம் எடுக்கச் சொல்றது."

பூங்குழலி படத்தைப் பார்க்காமல் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்து இன்னும் உருண்டையாத்தான் இருக்கு. நசுங்கறதுக்கு முன்னாடி உள்ள வெச்சுட்டா நல்லது. தொடை எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைக்கணும், கிண்ணத்தையும் சரி பண்ணணும். கொஞ்ச வாரம் மாவுக்கட்டு. ரொம்பத் தள்ளிப்போட்டா இந்த ஆபரேஷன் பண்ண முடியாமப் போகலாம்."

"பண்ணுனா நடப்பாளுங்களா?" என்றான் பிரதீப்.

"நடக்கறதுக்காக இல்லீங்க. வலியில்லாம உக்காரவும் படுக்கவும்."

வீட்டுக்கு வந்து, அக்ஷராவைப் பூங்குழலி கட்டிலில் படுக்கவைத்ததும் பிரதீப் கேட்டான்.

"நடக்காத புள்ளைக்கு எதுக்கு எலும்பை அறுக்கோணும்? அதுக்கு இருக்குற கஷ்டம் பத்தாதா?"

பூங்குழலி பீரோவைத் திறந்து அக்ஷராவின் பேண்ட்டுகளை எடுத்துவந்து தரையில் வரிசையாக விரித்தாள். பழைய மஞ்சள். பிறகு கோடு போட்டது. நீலம். கடைசியில் புதியது.

பிரதீப் துணியோடு வாழ்பவன். அவனுக்கு விளக்கத் தேவையில்லை. குனிந்து ஒவ்வொன்றாகக் காலோடு கால் சேர்த்து வைத்தான். மஞ்சளில் இரண்டும் சமம். கடைசிப் பேண்ட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

"எங்கிட்டச் சொல்லலியே."

"பாக்கறவங்க ஒண்ணு சொல்லாம இருந்தாப் போதும்னு நெனச்சேன் மாமா."

அவன் அவளைப் பார்த்தான். கோபப்படப் போகிறான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவன் கை நீலப் பேண்ட்டின்மேல் நின்றுவிட்டது.

"இது போட்டிருந்தப்பத்தான வண்டியில ஏத்துனதும் அழுதுச்சு?"

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரதீப் அக்ஷராவை மொபெட்டில் தனக்கு முன்னால் உட்காரவைத்து, துண்டால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போவான். அங்கே பறவைகள் இருக்கும். "கொக்" என்பாள் அக்ஷரா. அவளுக்குத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. போன ஆடியில் ஒருநாள் வண்டியில் உட்காரவைத்ததும் கதறினாள். அடுத்த வாரமும் அப்படியே. பிரதீப் கூட்டிப்போவதை விட்டுவிட்டான். அதன்பின் அவளைத் தூக்குவதும் குறைந்தது.

"என்னைப் புடிக்காமத்தான் அழுவுதுன்னு இருந்தேன்" என்றான்.

"இல்ல மாமா. காலை அகட்டி உக்கார முடியல அவளால. உங்ககிட்ட வாரதுக்கு அழுவல."

அவன் எழுந்து கட்டிலருகே போனான். அக்ஷரா விழித்திருந்தாள். அவளுடைய இடது முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்தான். நகர்த்தவில்லை, சும்மா வைத்திருந்தான்.

"கொக்குப் பாக்கப் போலாமா கண்ணு?"

அக்ஷராவின் முகம் மலர்ந்தது. "கொக்" என்றாள். உடனே அவள் கை தொடையைப் பிடித்துக்கொண்டது.

பிரதீப் திரும்பாமலே கேட்டான்: "எப்ப வரச்சொன்னாங்க?"

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை டாக்டர் படுக்கைக்கு வந்தார். கையெழுத்து வாங்கும் முன் ஒன்று சொன்னார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எலும்பை வெட்டி வைக்கறதால அந்தக் கால் அப்புறமும் கொஞ்சம் குட்டையா இருக்கலாம்."

"அதை நான் தெச்சு…" என்று தொடங்கினாள் பூங்குழலி. நிறுத்திக்கொண்டாள். பிரதீப் அவளைப் பார்த்தான். டாக்டரும் காத்திருந்தார்.

"தெக்கறதுக்கு முன்னால கூட்டியாந்து காட்டறனுங்க" என்றாள்.

டாக்டர் போன பிறகு பையைத் திறந்தாள். மாவுக்கட்டுக்கு மேலே போட ஒரு பேண்ட் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டோடு கால்கள் அகன்றே இருக்கும் என்று விஜயகுமாரி சொல்லியிருந்தாள். அதனால் இரண்டு பக்கமும் பிளந்து, ஒட்டும் பட்டை வைத்திருந்தாள். கால்களைச் சரியாக ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தாள். மடிப்பு மட்டும் தைக்கவில்லை.

பனியன் துணி அல்லவா, வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டு கிடந்தது. பூங்குழலி அதை விரலால் ஒருமுறை நீவினாள். மறுபடியும் சுருண்டுகொண்டது. அப்படியே விட்டுவிட்டு, காலோடு கால் சேர்த்து மடித்து, அக்ஷராவின் தலைமாட்டில் வைத்தாள்.