ஜாடித் தண்ணீரில் உப்பு

மாமியாரின் செம்பருத்தி மருமகளின் பொறுப்பில் இருந்தபோது பட்டுப்போனது. மாமியார் இளைய மகளின் பிரசவத்துக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாவியைக்கூட அவ்வளவு யோசித்துக் கொடுக்கவில்லை. அந்தத் தொட்டியைத்தான் பத்து முறை சொல்லி ஒப்படைத்தார். மூன்றே மாதத்தில் இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்து, செடி விறகாகிவிட்டது. மாமியார் திரும்பி வர இன்னும் ஒரு மாதம். அதற்குள் ஒரு குச்சியாவது வேர் பிடிக்காவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

உயிர் இருந்த ஐந்து கிளைகளைச் சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஐந்து கண்ணாடி ஜாடிகளில் சமையலறை ஜன்னலோரம் வைத்தாள். தண்ணீர் விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து, மூடாமல் வைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் ஊற்றுவாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை. அப்படியும் பத்தே நாளில் நான்கு குச்சிகள் அடி கறுத்து வழவழத்துவிட்டன.

தண்ணீரில் குறையில்லை, தன் கையிலும் குறையில்லை என்றால் வேறு யார்? அவள் பார்வை மாடிக்குப் போனது. மாடியில் நாத்தனார் குடியிருந்தாள்; கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. அதே செம்பருத்தியில் ஒரு கிளை கேட்டு, "உன் கைக்கெல்லாம் அது வராது" என்று பெற்ற தாயிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவள். போதாதா? மாடிப்படி வேறு அந்த ஜன்னலை உரசிக்கொண்டுதான் போகிறது. அண்ணி குப்பை கொட்ட இறங்கினாலும் சந்தேகம், இறங்காவிட்டால் அதைவிடச் சந்தேகம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததற்கு நேற்று பலன் கிடைத்தது. அண்ணி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஐந்தாவது ஜாடியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"வெயில் நேரா அடிக்குது. கொஞ்சம் நகத்தி வெக்கலாம்னு..."

நகர்த்த வந்த முகமா அது? மருமகள் ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். லேசாக உப்புக் கரித்தது.

"உப்பப் போட்டுட்டு வெயில்னு கதை சொல்றீங்களா? உங்களுக்குக் கிடைக்கலன்னா அத்தைக்கும் இருக்கக் கூடாதா?"

அண்ணி கையை உருவிக்கொண்டு படியேறிப் போனாள். அப்படிப் போனதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு இவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இன்று காலை மெஷினைப் பார்க்க பிளம்பர் வந்தார். மாமியார் ஊருக்குப் போன வாரமே, தண்ணீர் சரியில்லை, முடி கொட்டுகிறது என்று இவள் அடம்பிடித்து மாட்டிய, கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் அது. உப்புக் கதையை அவரிடமும் கொட்டினாள். அவர் வாளித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும்தான் கரிக்குது. இதுலயும் அவங்களா வந்து போட்டாங்க? மெஷின்ல வாராவாரம் உப்பு கொட்டறது யாரும்மா?"

"நான்தான். அது மெஷினுக்குத்தானே?"

"மெஷினுக்குத்தான். ஆனா உப்பக் கழுவி வெளிய விடற குழாய் அடச்சிருக்கு, எல்லாம் வீட்டுத் தண்ணியோடயே வருது. திறந்து வெச்சா குளோரின் போகும், உப்பு எப்படிப் போகும்? மாடி லைன் மெஷினுக்கு வராம நேரா போகுது. செடிக்கு அந்தத் தண்ணிய ஊத்துங்க."

குச்சிகளை மட்டுமல்ல, தொட்டிச் செடியையும் கொன்றது தன் கைதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் அடுக்களையில் இருக்கத்தான் செய்தது. அதை ஊற்றிவிட்டுக் கம்மென்று இருந்திருக்கலாம். நேற்று பேசிய பேச்சு அவளை இருக்கவிடவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

"அண்ணி, தப்பு என்னோடதுதான். மெஷின் உப்பு. மன்னிச்சிடுங்க. அந்தக் கடைசிக் குச்சிக்குக் கொஞ்சம் தண்ணி..."

அண்ணி சொம்பை வாங்கினாள். குழாயில் நிறையப் பிடித்தாள். அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, மருமகளின் கண்ணெதிரிலேயே மடக்கென்று குடித்துக் காட்டினாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது" என்று பதறியது வாய்தான். அண்ணியின் தொண்டையில் தண்ணீர் இறங்குகிறதா என்றுதான் இவள் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அண்ணியும் பார்த்துவிட்டாள்.