கொய்யாவில் ஊசித் துளை

என் வீட்டுக்காரர் வீராசாமிக்கு வாய் முந்தும், யோசனை மெதுவாக வரும். கொய்யா பறிக்க வந்த ஐந்து பெண்களுக்கு நடுவில் நின்று ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினார். ஊசியால் குத்தியதுபோல ஒரே ஒரு துளை. அமுக்கினால் சாறு வடிந்தது. பாதிப் பழம் அப்படித்தான் கிடந்தது. முதல்நாள் லேட்டாக வந்ததற்குப் பரிமளாவைத் திட்டியிருந்தார். இப்போது அவள் வளையலில் தொங்கிய ஊக்கு கண்ணில் பட்டுவிட்டது.

"திட்டுன கோவத்துல நீதான குத்தி வச்சிகீற? நாளையிலருந்து வராத."

"உங்க வூட்டம்மா தாலியில நாலு ஊக்கு தொங்குது. அவங்கள கேட்டீங்களா ஐயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மற்ற நாலு பேரும் அவளை விட்டு நகர்ந்து நின்றார்கள். பழத்தைக் கெடுத்தவள் என்று பேர் வந்தால் திருப்புலிவனத்தில் எந்தத் தோட்டத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

இருட்டியதும், வீட்டுக்குப் போன பரிமளா திரும்பி வந்து தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள். "யக்கா, சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். செல்போன் வெளிச்சத்தில் கிளையில் ஒரு காய்ந்த இலை தெரிந்தது. பரிமளா குச்சியால் தொட்டாள். இலை படக்கென்று விரிந்தது! அடியில் இன்னொரு ஜோடி இறக்கை, நல்ல ஆரஞ்சு, கறுப்புப் பட்டை போட்டது. நான் கத்தியே விட்டேன். பூச்சி பக்கத்துப் பழத்தில் உட்கார்ந்து, கம்பி மாதிரி ஒரு மூக்கை நீட்டி, ஆட்டி ஆட்டித் தோலுக்குள் இறக்கியது.

"வேலியில சீந்தில் கொடிய தின்னுக்கினு கீதே, கண்ணு போட்ட புழு, அதான் யக்கா இது! கூட்டுலருந்து வர்றத நின்னு பாத்துதான் நேத்து லேட்டாச்சி. பளத்த குத்தும்னு இப்பதான் தெரியுது."

என் சத்தம் கேட்டு அவர் செருப்பை ஓங்கிக்கொண்டு வந்தார். பரிமளா குறுக்கே விழுந்தாள். "அடிக்காதீங்க ஐயா! நாளைக்கு நாலு பேர் முன்னாடி எனக்கு இது உசுரோட வேணும்." பழத்தோடு சேர்த்துத் தூக்குவாளியில் போட்டு மூடினாள்.

காலையில் பெண்கள் சுற்றி நின்றார்கள். "சரி சரி, தொறந்து காட்டு" என்றார் அவர்.

பரிமளா மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. "நேத்து இவங்க முன்னாடி சொன்னத, இவங்க முன்னாடியே மாத்தி சொல்லுங்க. அப்பறம் தொறக்கறேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன். வாளிக்குள் பூச்சி படபடவென்று அடித்துக்கொண்டது. நாலு பெண்களும் ஓரடி முன்னால் வந்து பரிமளாவோடு நின்றார்கள்.