பதினொரு கிலோமீட்டர் தள்ளி

டம்!

மேசை அதிர்ந்தது. தேநீர்க் கோப்பை ஒரு துள்ளு துள்ளி நின்றது. நிலநடுக்க அலுவலகத்தின் ஆய்வாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே, கலவை ஒட்டிய செங்கல் ஒன்று. அதை இன்னும் விடாமல் பிடித்தபடி ஒரு கொத்தனார்.

"உடைச்சுப் பாரும்மா. கலவையில களவு இருந்தா, இதாலயே என் மண்டையில போடு."

"உக்காருங்கய்யா முதல்ல. என்ன ஆச்சு?"

அவர் உட்காரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வந்த சின்ன நடுக்கத்தில், அவர் கட்டிய பள்ளிக்கூடத்தின் சுவர்கள் வாய் பிளந்துவிட்டன. நடுக்கம் மலைக்கு அப்பால், பதினொரு கிலோமீட்டர் தள்ளித்தானே? அந்தத் தூரத்துக்கு நல்ல சுவர் விரியாது, கொத்தனார் கைதான் சுத்தமில்லை என்று பள்ளி நிர்வாகம் முடிவுகட்டிவிட்டது.

"நாளைக்குக் கூட்டம். அதுக்கப்புறம் கோழிக்கூடு கட்டக்கூட என்னைக் கூப்பிட மாட்டாங்க. எதுத்துக் கேட்டா, உங்க ஆபீஸ் பேப்பரை மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த அறிக்கை அவள் எழுதியது. அதிர்வை அளக்கும் கருவி எண்பது கிலோமீட்டருக்குள் ஒன்றுகூட இல்லை. குறித்த இடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தவறியிருக்கலாம். அதையும் ஒரு வரியாக எழுதத்தான் செய்தாள். இயக்குநர் அடித்துவிட்டார். "'இருக்கலாம்'னு எழுதினா நம்மள எவன் மதிப்பான்? ஒரே புள்ளியா வைம்மா." அவளும் தலையாட்டிவிட்டாள்.

"ஒரு மணி நேரம் இருங்கய்யா."

செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் நான்கு நாளாகக் கணினியில் காத்திருந்தன. சின்ன நடுக்கம்தானே என்று அவள் திறக்கவே இல்லை. வானத்திலிருந்து தரைவரை உள்ள தூரத்தை அளப்பது அந்த ரேடார். நடுக்கத்துக்கு முன் எடுத்த அளவையும் பின் எடுத்ததையும் ஒப்பிட்டால், தரை ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் வண்ண வளையங்களாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலைக்கு அப்பால் ஒன்றுமில்லை. வளையங்கள் பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிக் கிடந்தன. கணக்குப் போட்டாள். நடுக்கம் பிறந்த ஆழம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. காலடியிலேயே உதைத்திருக்கிறது பூமி.

அறிக்கையைத் திருத்தி எழுதி, படத்தோடு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"அறிக்கை போயாச்சேம்மா. இப்ப மாத்தினா நம்ம மானம் கப்பலேறிடும்."

"நம்ம மானத்தைக் காப்பாத்த, அவர் மானத்தைக் கப்பலேத்தலாமா சார்?"

இயக்குநர் கண்ணாடிச் சுவர் வழியே வெளியே பார்த்தார். செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் இப்போது உட்கார்ந்திருந்தார். பிறகு இயக்குநர் பேனாவைத் தேடினார், திருத்திய அறிக்கையில் கையெழுத்திட்டார்.

அதையும் படத்தையும் கொண்டுவந்து கொத்தனார் கையில் கொடுத்தாள். "தப்பு எங்க மேலதான்யா. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும். பெரிய இடத்துல மறைக்கிற சந்தேகம், கீழ நிக்கிறவன் தலையிலதான் பழியா விழுது."

கொத்தனார் வளையங்களை விரலால் தடவினார். முகம் மலரும் என்று பார்த்தாள், மலரவில்லை.

"இன்னொரு பிரதி போட்டுக் குடும்மா. கலவை போட்டது என் தம்பி. பதினாலு நாளா அவனை வீட்டுப் படியேற விடாம வெச்சிருக்கேன்."